மதிலும் ஏணியும்

இலண்டன் மாநகரின் தென்மேற்கே, தேம்ஸ் நதிக்கு அணித்தாக, றிச்மண்ட் பூங்கா என்றொரு பெரும் வனச்சோலை உண்டு. பூங்கா என்றதும் பாத்திகட்டி வளர்த்த மலர்ச்செடிகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். ஏறத்தாழ 2,360 ஏக்கர் பரப்பு. அதனைச் சுற்றி ஏறக்குறைய 8 மைல் நீளமான செங்கல் மதில். உள்ளே புல்வெளிகளும், பன்னம் படர்ந்த மேடுகளும், 600க்கு மேற்பட்ட மான்களும், மதில் எழும்பு முன்னரே வேரூன்றிவிட்ட ஓக் மரங்களும் காணப்படும். அதன் கிழக்கு ஓரத்திலே 1923ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு கோல்ப் மைதானம் இருந்து வருகின்றது. அதனைக் காண்பதற்கென்றே நாம் ஒரு முற்பகலில் அங்கு சென்றோம்.

கோல்ப் ஆட்டத்தில் எமக்கு மோகம் உண்டென்று வாசகர் எண்ணவேண்டியதில்லை. பந்தை ஒரு குழியிலிருந்து மறு குழிக்குத் தள்ளிச் செல்வதில் உள்ள இன்பம் எமக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எம்மை அங்கு இழுத்துச் சென்றது வேறொன்று. சீமான்களின் ஆட்டம் என்று உலகெங்கும் பெயர்பெற்ற இவ்வாட்டத்திற்கு, தொழிலாளரையும் கைவினைஞரையும் மனத்திற்கொண்டு ஒரு மைதானம், அதுவும் ஒரு மன்னனின் வேட்டைக்காட்டுக்குள்ளே எவ்வாறு அமைந்தது என்ற வினாவே அது. அவ்வினாவிற்கு விடை காண முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கின்றது.

1625ஆம் ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, முதலாம் சாள்ஸ் மன்னன் தன் அரசவையோடு றிச்மண்டுக்கு வந்து சேர்ந்தான். அயலிலே வேட்டையாடுவதற்கு வாய்ப்பான நிலம் கிடந்தது. ஆயினும் அந்நிலம் முழுவதும் அவனுடையதன்று. ஊர்மக்கள் மாடு மேய்த்து விறகு பொறுக்கிய பொதுநிலங்களும், தனியார் உழுது பயிரிட்ட வயல்களும் அதில் கலந்திருந்தன. மன்னன் விலை கொடுக்க முன்வந்தான். சிலர் இணங்கினர், சிலர் மறுத்தனர். மறுத்தவரின் நிலத்தையும் உள்ளடக்கி மதில் எழும்பத் தொடங்கிற்று. இச்செயல் மக்களின் மனக்கசப்பை வளர்க்கும் என்று அரசவையைச் சேர்ந்தவர்களே எச்சரித்தனர். எச்சரிக்கை எடுபடவில்லை. 1637இல் மதில் முற்றுப்பெற்றது.

எனினும் ஊர்மக்களை முற்றாக வெளியே தள்ளிவிட மன்னனாலும் இயலவில்லை. பழைய நடைபாதைகளை வைத்திருக்கவும், விறகு பொறுக்கவும் அவர்களுக்கிருந்த உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டது. மதிலைக் கடப்பதற்கு ஏணிப்படிகள் வைக்கப்பட்டன. மதில் மன்னனுடையது, ஏணி மக்களுடையது. இப்பூங்காவின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே நடந்த போராட்டமே என்று கூறினும் மிகையாகாது.

1649இல் சாள்ஸ் மன்னனின் தலை வீழ்ந்தது. அதே ஆண்டில் பாராளுமன்றம் பூங்காவை இலண்டன் மாநகரத்தாரிடம் ஒப்படைத்தது. 1660இல் முடியாட்சி மீண்டபோது பூங்காவும் முடிக்கு மீண்டது. ஆட்சிகள் மாறினும் ஏணிப்படிகள் இருந்தன. ஆனால் 18ஆம் நூற்றாண்டிலே பூங்காக் காவற் பொறுப்பை ஏற்ற பிரபுக்கள் அவற்றை ஒவ்வொன்றாக அகற்றலாயினர். 1751இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னனின் மகள் அமீலியா இளவரசி அப்பொறுப்புக்கு வந்தாள். அனுமதிச்சீட்டுப் பெற்ற சிலர் நீங்கலாக ஏனையோர் உள்ளே வரலாகாது என்று வாயில்களை அடைத்துவிட்டாள்.

முதலில் வழக்காடியவர்கள் அயலிலிருந்த கனவான்கள். வண்டிகள் செல்லும் பெருவழிகளையே அவர்கள் கோரினர்; 1754இல் தோற்றனர். அதன் பின்னர் முன்வந்தவர் ஜோன் லூயிஸ் என்ற றிச்மண்ட் வாசி. மது வடிக்கும் தொழில் செய்தவர். பட்டமோ பரம்பரைச் செல்வாக்கோ இல்லாதவர். 1755இல் அவர் கிழக்கு ஷீன் வாயிலுக்குச் சென்று உள்ளே புக முயன்றார். வாயிற் காவலாளியான மார்த்தா கிறே என்ற பெண் கதவை அடைத்தாள். அவள் மீதே லூயிஸ் வழக்குத் தொடுத்தார். அவர் கேட்டது வண்டிவழி அன்று. கால்நடையாகச் செல்லும் சாதாரண மனிதனின் ஒற்றையடிப்பாதை மட்டுமே. இளவரசியின் ஆணைக்கு எதிராக ஒரு மதுவடிப்போன் நீதிமன்றம் ஏறியது அக்காலத்தில் சிறிய செயலன்று.

1758ஆம் ஆண்டு சறே மாகாண நீதிமன்றத்தில், சேர் மைக்கேல் பொஸ்டர் என்ற நீதிபதியின் முன்னிலையில் தீர்ப்பு லூயிசின் பக்கம் சாய்ந்தது. மதிலில் வாசல் வேண்டுமா, ஏணி வேண்டுமா என்று நீதிபதி வினவினார். வாசல் வசதியானது, முதியோரும் சிறுவரும் எளிதில் நுழையலாம். ஆயினும் லூயிஸ் ஏணியையே தெரிந்தெடுத்தார். வாசலுக்குக் கதவு உண்டு. கதவுக்குப் பூட்டு உண்டு. இன்று திறந்துவிட்டவர் நாளை பூட்டிவிடலாம் என்பதே அவர் கண்ட நியாயம். பின்னர் இளவரசியின் ஆட்கள் ஏற முடியாத அளவுக்கு இடைவெளி விட்டுப் படிகளை அமைத்தபோது, அவர் மீண்டும் நீதிபதியிடம் முறையிட்டார். கிழவிகளும் ஏறத்தக்கவாறு படிகளை அமைக்கும்படி நீதிபதி பணித்தார். 1761இல் அமீலியா பொறுப்பைத் துறந்து வெளியேறினாள். லூயிஸ் தம் இறுதிக் காலத்தில் வறுமையுற்றார். ஊரார் பணம் திரட்டி அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கிடைக்கச் செய்தனர். 1792இல் அவர் மறைந்தார். பூங்காவின் தெற்கே ஒரு வாயில் இன்றும் 'ஏணிப்படி வாயில்' என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனிக் கோல்ப் மைதானத்திற்கு வருவோம். அது அமைந்திருக்கும் நிலம், அரச வேட்டைக்கான மான்களை ஊட்டி வளர்ப்பதற்கு அடைத்து வைக்கப்பட்டிருந்த பெரும் பட்டி. முதலாம் உலகப் போர் முடிந்து, போர்முனையிலிருந்து திரும்பிய உழைப்பாளர் தமது பங்கு யாதென்று கேட்கத் தொடங்கிய காலம் அது. அந்நாட்களில் கோல்ப் மன்றங்கள் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டாலும் தனிப் பிரிவாகவே சேர்த்தன. குறித்த சில நேரங்களில் மாத்திரம் அவர்கள் ஆடலாம். அதற்குக் கைம்மாறாக மைதானத்தைச் செப்பனிட வேண்டும். மன்ற மண்டபத்தினுள்ளே பெரும்பாலும் அவர்களுக்கு இடமில்லை. இந்நிலையிலேதான், மன்றத்தில் உறுப்பினராகச் சேரும் வசதியற்றோருக்கென றிச்மண்ட் பட்டியில் 18 குழிகள் கொண்ட பொது மைதானம் அமைக்கப்பட்டது. 1923இல் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். 1925இல் அவருடைய தம்பி யோர்க் கோமகன் இரண்டாவது மைதானத்தைத் திறந்தார்.

திறந்தவர்களின் பெயரால் அம்மைதானங்கள் வழங்கப்படுகின்றன. ஆனால் அதனை வகுத்தமைத்தவருள் ஒருவரான ஜே. எச். டெயிலரை நாம் நினைவுகூர்தல் தகும். 1871இல் டெவன் பிரதேசத்து உழைப்பாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, இளம்பிராயத்திலே பிறருடைய கோல்ப் தடிகளைச் சுமந்து பிழைத்தவர் அவர். பிரித்தானியத் திறந்த போட்டியில் ஐந்து முறை வெற்றி பெற்றார். 1901இல் தொழின்முறை ஆட்டக்காரர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது முன்னின்றவரும் அவரே.

நாம் சென்றபோது பெவர்லி ஓடை மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. ஓடைக்கு அப்பால் வேலி. வேலிக்கு உள்ளே புல்தரை. ஆட்டக்காரர் சிலர் தாமே தம் பைகளை இழுத்துச் சென்றனர். புல்தரைக்கு மேலே றோஹாம்டன் குடியிருப்பின் நெடிய மாடிக் கட்டடங்கள் தெரிந்தன. உழைக்கும் மக்களுக்கென்று 1950களில் இலண்டன் மாநகர நிர்வாகம் கட்டியவை அவை. ஓடைக்கு இப்பாலுள்ள பாதையிலே ஒரு மூதாட்டி நாயொன்றைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவரிடம் எவரும் சீட்டுக் கேட்கவில்லை. மைதானத்துக்குள் செல்லவோ கட்டணம் செலுத்தவேண்டும். பணம் செலுத்துபவர் எவராயினும் ஆடலாம். குலமும் பட்டமும் கேட்பாரில்லை. அது நல்லதே. ஆனாலும் கட்டணத்தை நிர்ணயிப்பவன் கதவின் திறவுகோலை வைத்திருப்பவனே. லூயிஸ் ஏன் வாசலை வேண்டாமென்றார் என்பது அவ்விடத்தில் நின்றபோது எமக்கு நன்கு விளங்கிற்று.

இன்னொன்றும் எம் நினைவுக்கு வந்தது. அதே பிரித்தானிய முடியின் பெயரால் 1840இல் இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்பட்டாலன்றி, முடிக்கே உரியனவென்று அது கொண்டது. மலைநாட்டுக் குடியானவனின் சேனையும் மேய்ச்சற்காடும் அவ்வாறே தோட்டங்களாயின. அந்தத் தோட்டத் துரைமாரின் காலத்திலே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுவரெலியாவில் ஒரு கோல்ப் மைதானமும் அமைந்தது. றிச்மண்டில் நெடுநாள் நடந்த கால்களின் வழக்கம் உரிமைக்குச் சான்றாயிற்று. இங்கோ நெடுநாள் உழுத கைகளிடம் உறுதி எங்கே என்று கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் குடியானவனும் மதிலுக்குத் தப்பியவன் அல்லன். அவனுக்கு ஓர் ஏணியாவது வாய்த்தது என்பதே வேறுபாடு.

திரும்பும் வழியில் ஓர் ஓக் மரத்தடியில் சற்று அமர்ந்தோம். மான்களுக்கு எட்டாத உயரத்தில் கிளைகளை வெட்டி வெட்டி விறகெடுத்த அடையாளம் அதன் முண்டு முடிச்சுகளில் இன்னும் இருந்தது. வெட்டியவர்களின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. பூங்காவை அடைத்த மன்னனின் பெயரும், மைதானத்தைத் திறந்த இளவரசரின் பெயரும் எங்கும் உள்ளன. ஆயினும் அவ்வழியே நாளும் நடந்து செல்வோர், அறிந்தோ அறியாமலோ, ஜோன் லூயிசின் ஏணியில் ஏறி வந்தவர்களே.