இழுத்துக் காட்டிய தோல்

1657ஆம் ஆண்டு. நெதர்லாந்தில் பேர்பெற்ற மருத்துவர்கள் சிலர் கூடியிருக்க, ஜார்ஜியஸ் ஆல்பெஸ் என்ற 23 வயது ஸ்பானிய இளைஞர் அவர்கள் முன்னே நின்றார். வலத் தோளிலும் மார்பிலும் இருந்த தோலை இடக்கையால் பற்றி இழுத்தார். அது வாய்வரை வந்தது. மோவாய்த் தோலைத் தாடிபோல மார்புவரை இழுத்துவிட்டார். பிறகு அதையே மேலே தூக்கி இரண்டு கண்களையும் மூடிக் காட்டினார். கையை எடுத்ததும் தோல் பழைய இடத்தில் போய்ப் படிந்துகொண்டது. இடப்பக்கத் தோல் மட்டும் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் யோப் வான் மேக்கரன் இதை எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1668இல் டச்சு மொழியிலும், 1682இல் லத்தீனிலும் அது அச்சேறியது. பரம்பரை நோய் ஒன்று உடம்பின் ஒரு பாதியை மட்டும் பிடிப்பது அபூர்வம். ஆகவே ஆல்பெஸுக்கு இருந்தது இன்று எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்று அழைக்கப்படும் இணைப்புத் திசுக் கோளாறுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நோயின் வரலாற்றைச் சொல்லும்போது இவர் பெயர் தவறாமல் வருகிறது. நோயாளி தோலை இழுத்துக் காட்டுவார், மற்றவர்கள் வியந்து பார்ப்பார்கள். இந்த ஏற்பாடும் அன்றே தொடங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பிழைப்பாகவே ஆனது. அமெரிக்க சர்க்கஸ்களில் பெரிய கூடாரத்துக்குப் பக்கத்தில் தனிக் கொட்டகை இருக்கும். மிகக் குள்ளமானவர், மிக உயரமானவர், தாடி வளர்ந்த பெண் என்று மனிதர்களைப் பார்க்க அதற்குத் தனிச்சீட்டு. அந்த வரிசையில் 'இழுபடும் தோல் மனிதர்' என்று ஒருவர் நிற்பதுண்டு. பார்னம் அண்ட் பெய்லி நிறுவனம் அப்படிக் காட்டிய ஜேம்ஸ் மாரிஸ், மார்புத் தோலை முகம்வரை இழுத்துக் காட்டிப் புகழ்பெற்றார். நியூயார்க்கின் பௌவரி தெருவில் சார்லஸ் ஐசன்மான் நடத்திய ஸ்டுடியோவில் இத்தகைய கலைஞர்கள் படமெடுத்துக்கொண்டார்கள்; அந்த அட்டைப் படங்கள் விற்பனைக்கும் வந்தன. படத்தில் தோல் தெரியும். இரவில் நழுவிய தோள்மூட்டும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் காலும், தையல் நிற்காமல் பிளந்த காயமும் படத்தில் தெரியாது. இக்கோளாறு உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையோ பெரும்பாலும் இவற்றால் ஆனது.

மருத்துவர்களின் கண் மெல்ல மெல்லத்தான் தோலைத் தாண்டி உள்ளே போனது. மாஸ்கோவில் செர்னோகூபோவ் 1892இலேயே, தளர்ந்த மூட்டுக்கும் எளிதில் கிழியும் தோலுக்கும் வேர் ஒன்றுதான், பழுது இணைப்புத் திசுவில் இருக்கிறது என்று எழுதினார். அவர் எழுதியது ரஷ்யாவுக்கு வெளியே போய்ச் சேரவில்லை. கோபன்ஹேகனில் எட்வர்ட் எஹ்லர்ஸ் 1899இல் போர்ன்ஹோம் தீவைச் சேர்ந்த ஒரு சட்ட மாணவரைத் தோல் மருத்துவர்கள் சங்கத்தின் முன் நிறுத்தினார். மாணவர் குழந்தைப் பருவத்தில் தாமதமாக நடந்தவர். முழங்கால் அடிக்கடி பிசகும். சின்ன அடிக்கும் ரத்தம் கட்டிக்கொள்ளும். 1908இல் பாரிஸில் ஆன்றி டான்லோஸ், வேறு நோய் என்று மற்றவர்கள் முடிவுகட்டியிருந்த ஒரு நோயாளியை மறுபடி பார்த்தார். அவருடைய உடம்பில் இருந்த கட்டிகள் தனி நோயல்ல, வலுவில்லாத தோல் அடிபட்டு அடிபட்டு உண்டானவை என்று வாதிட்டார். 1936இல் லண்டன் மருத்துவர் பார்க்ஸ் வெபர் இருவர் பெயரையும் சேர்த்து நோய்க்குச் சூட்டினார். செர்னோகூபோவின் பெயர் விடுபட்டது. வேரைச் சரியாகத் தொட்டவர் அவர்தான். ரஷ்யாவில் இன்றும் நோயை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது நியாயமே.

அந்த வேர் எப்படி இருக்கும் என்பதற்கு விடை கிடைத்த இடம் சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனிடம், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை ஆராயலாமே என்றார் அங்கு வந்திருந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே.டி. பெர்னால். தோல், எலும்பு, மூட்டு நாண்கள், ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் கட்டிப்பிடித்திருக்கும் புரதம் அது. அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்தார்கள். 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தினார்கள். அதாவது, முப்புரிக் கயிறு.

கயிறு திரிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூன்று புரியும் நெருங்கிப் பின்னிக்கொள்ள நடுவில் இடம் வேண்டும். கொலாஜன் இழையில் மூன்றாவது அமினோ அமிலம் ஒவ்வொன்றும் கிளைசீனாக இருப்பது அதற்காகத்தான். அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. அந்த இடத்தில் பெரிதாக ஒன்று புகுந்துவிட்டால் முறுக்கு அங்கே பிசகும். எஹ்லர்ஸ்-டான்லோஸ் வகைகளில் மிக ஆபத்தானது, ரத்தக்குழாய்களைத் தாக்கும் வகை. அதில் பலருக்கு நேர்வது இந்தக் கிளைசீன் பிசகுதான். அதனால் தமனியோ குடலோ முன்னறிவிப்பின்றிக் கிழிகிறது. அவர்கள் உடம்பில் மூன்றாம் வகைக் கொலாஜன் குறைவு என்பது 1975இல் தெரியவந்தது. அதற்கு முன் 1956இல், பால்டிமோரின் விக்டர் மெக்குசிக் இத்தகைய பரம்பரைக் கோளாறுகளை ஒரே குடும்பமாகச் சேர்த்துப் புத்தகம் எழுதியிருந்தார்.

2017இல் வகுத்த பட்டியலில் எஹ்லர்ஸ்-டான்லோஸ் வகைகள் 13. அவற்றுள் 12க்கு மரபணு ஆதாரம் உண்டு. மிகப் பரவலான, மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் வகைக்கு மட்டும் மரபணு இன்னும் பிடிபடவில்லை. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. இந்த வகையில்தான் நோயாளிகள் மருத்துவரிடமிருந்து மருத்துவராக ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். வலி மனப்பிரமை என்று கேட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு.

இவர்களைச் சோதிக்கும் முறைக்கு மருத்துவர் பீட்டர் பெய்ட்டனின் பெயர். சுண்டுவிரல் பின்பக்கம் 90 பாகைக்கு மேல் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் எதிர்ப்பக்கம் மடங்குகின்றனவா, முழங்காலை மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் படிகிறதா என்று பார்த்து 9க்கு மதிப்பெண் போடுவார்கள். சோதனை அறையில் இன்றும் நோயாளி தம் உடம்பை வளைத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் 2017 விதிகளின்படி அந்த மதிப்பெண் மட்டும் போதாது. மூட்டு எத்தனை முறை நழுவியது, தினமும் வலி எத்தனை மாதமாக இருக்கிறது, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இது உண்டா என்று மருத்துவர் கேட்டே ஆக வேண்டும்.