மூச்சு சொல்லும் கணக்கு

கள்ளிக்குப்பத்திலிருந்து எஸ்டேட் பக்கம் இரவில் வண்டியில் போனால் சில நாள் போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொல்வார். மூச்சைச் சோதிப்பது என்றால் நம்மில் பலருக்கு அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் மூச்சை அளக்கிறார்கள். அதற்கு இருநூறு வருடத்துக்கும் மேலான கதை உண்டு.

1789 வாக்கில் பாரிஸில் லவாய்சியே என்ற விஞ்ஞானி, தன் உதவியாளர் செகுவினுக்கு முகமூடி மாட்டி, காலால் பெடலை மிதிக்கச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது, உழைக்கும்போது எவ்வளவு என்று அளந்தார். லவாய்சியேயின் மனைவி அந்தக் காட்சியைப் படமாக வரைந்தார். மேஜையில் உட்கார்ந்து குறிப்பு எழுதும் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

அந்த நாளில் இதயக் குறையோடு பிறந்த குழந்தைக்குச் செய்ய ஒன்றுமில்லை. உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகளைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1944-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹெலன் டாசிக் யோசனை சொல்ல, விவியன் தாமஸ் செய்முறையை உருவாக்கித் தர, பிளாலாக் கத்தியை எடுத்தார். நீலக் குழந்தைகளுக்கு வழி பிறந்தது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் அறுபதுகளின் தொடக்கத்தில் டாக்டர் கோபிநாத் இதயத்தைத் திறந்து அறுவை செய்தார். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்த டாக்டர் செரியன், பிறகு நமக்குப் பக்கத்து முகப்பேரிலேயே இதய மருத்துவமனை வளரக் காரணமாக இருந்தார்.

இதனால் புதிதாக ஒரு தலைமுறை உருவானது. பிறவி இதயக் குறையோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள். மேலை நாடுகளில் இப்போது அந்தக் குறையுள்ள குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம்.

என் தங்கை மகள் அவர்களில் ஒருத்தி. ஆறு வயதில் ஆபரேஷன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். செக்கப்புக்குப் போகச் சொன்னால், "அதான் அப்பவே சரி பண்ணிட்டாங்களே மாமா, எனக்கு ஒண்ணும் இல்லை" என்பாள். ஆனால் மாடி ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டாள். தண்ணீர்க் குடத்தை மகன் தூக்குகிறான். பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகியவளுக்கு, மற்றவர்களின் மூச்சு எப்படி என்று எப்படித் தெரியும்?

2005-ல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையினர் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. தொந்தரவே இல்லை என்ற பிறவி இதய நோயாளிகளுக்கும் உழைக்கும் திறன் குறைந்திருந்தது. மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு ஆபத்தும் அதிகம்.

ஒருவழியாக அவளைச் சம்மதிக்க வைத்தோம். சைக்கிளில் உட்கார வைத்து, முகமூடி மாட்டி, மிதிக்கச் சொன்னார்கள். உள்ளே போகும் ஆக்சிஜன், வெளியே வரும் கரியமில வாயு, இரண்டையும் கருவி கணக்கெடுத்தது. செகுவின் செய்த அதே வேலைதான். அவள் வயதுக்கு வேண்டிய அளவு எட்டவில்லை. ஸ்கேனில் நுரையீரலுக்குப் போகும் வால்வு கசிவது தெரிந்தது. இப்போது கண்காணிப்பில் இருக்கிறாள்.

மிதிக்காமல், சும்மா ஊதினாலே போதும் என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. 1971-ல் லைனஸ் பாலிங், நாம் விடும் மூச்சில் சுமார் 250 பொருட்கள் இருப்பதாகக் காட்டினார். அவற்றில் ஒன்று அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை. இதயம் தளர்ந்தால் உடல் கொழுப்பை அதிகம் எரிக்கும், மூச்சில் அசிட்டோன் ஏறும். 1995-ல் பின்லாந்திலும் 2012-ல் பிரேசிலிலும் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஏகாதசிப் பட்டினி கிடந்தாலும், சர்க்கரை கட்டுமீறினாலும் அதே அசிட்டோன் ஏறும். அதனால் அன்றாடச் சோதனையாக இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் சின்ன வயதில் இதய ஆபரேஷன் ஆனவர்கள் இருந்தால், நன்றாக இருக்கிறாயா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தாய் என்று கேளுங்கள். பழைய ஆபரேஷன் காகிதங்களைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.