நான்கு சோடிக் கம்பிகளின் கதை

வீட்டுக் கணினி வலையமைப்பைப் புதுப்பிப்பவர்கள் பலரையும் குழப்பும் புதிர் ஒன்று உண்டு. செக்கனுக்கு 1000 மெகாபிற் வேகமுள்ள புதிய ரவுட்டரை வாங்குகிறார்கள். கணினியும் அவ்வேகத்திற்கு ஏற்றதே. ஆயினும் இணைப்பு 100 இலேயே நின்றுவிடுகிறது. பழி ரவுட்டர் மீது விழுகிறது. காரணமோ பெரும்பாலும் சுவரோரம் கிடக்கும் பழைய கேபிளில் இருக்கிறது.

ஈதர்நெற் என்ற பெயர், கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ரொபேட் மெற்காவ் 1973 மே 22 ஆம் திகதி எழுதிய குறிப்பொன்றில் தோன்றியது. டேவிட் பொக்ஸுடன் சேர்ந்து அவர் அமைத்த வலையமைப்பின் வேகம் செக்கனுக்கு 2.94 மெகாபிற் மாத்திரமே.

1980களில் அலுவலகங்களில் மெல்லிய ஓரச்சுக் கேபிள் ஒன்றே கணினிக்குக் கணினி தாவிச் சென்றது. அதன் இரு முனைகளிலும் 50 ஓம் தடைகள் பொருத்தப்பட வேண்டும். இடையில் ஓர் இணைப்புக் கழன்றாலும் அந்தக் கேபிளில் இருந்த கணினிகள் யாவும் ஊமையாகிவிடும். பழுதைத் தேடி மேசை மேசையாகக் குனிய வேண்டியதுதான்! 1990 இல் முறுக்கிய சோடிக் கம்பிகளுக்கான நியமம் வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள். ஒன்று அறுந்தால் பாதிக்கப்படுவதும் ஒன்றே. வேகம் கூடியதைவிட இதுவே பெரிய முன்னேற்றம் என்பது எனது கருத்து.

புதிரின் விடையும் இங்குதான் உள்ளது. அந்தக் கேபிளில் நான்கு சோடிகள், அதாவது எட்டுக் கம்பிகள் இருந்தாலும், 1990 இன் நியமமும் 1995 இல் வந்து பரவலாகப் பயன்பட்ட 100 மெகாபிற் முறையும் இரண்டு சோடிகளையே பயன்படுத்தின. எஞ்சியவை பொருத்தப்படாமலோ அறுந்தோ கிடந்தாலும் எவரும் அறியவில்லை. 1999 இன் 1000 மெகாபிற் நியமத்திற்கோ நான்கு சோடிகளும் வேண்டும். ஒரு கம்பி குறைந்தாலும் பல கருவிகள் சத்தமின்றி 100 இற்கு இறங்கிவிடும். சிலவற்றில் இணைப்பே ஏற்படாது.

பழுது தேடுவோர் முதலில் நாடும் 'பிங்' நிரலை அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் 1983 டிசெம்பரில் எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியே அதன் பெயருக்கு மூலம். ரவுட்டர் பதிலளித்து வெளியுலகம் பதிலளிக்காவிடின், பழுது பெரும்பாலும் வீட்டிற்கு வெளியே எனலாம். ஆனால் 100 இற்கு இறங்கிய இணைப்பிலும் பிங் குறையின்றிப் பதில் தரும். வேகத்தை அது அளப்பதில்லை. எட்டுக் கம்பிகளையும் தனித்தனி விளக்குகளால் காட்டும் மலிவான சோதனைக் கருவியோ, கடன்வாங்கிய நல்ல கேபிளோதான் இங்கு கைகொடுக்கும். இரண்டாவது ரவுட்டருக்குக் காசு எண்ணுமுன் அதைச் செய்து பார்க்கலாம்.