நாட்டுடைமை

‘நாடு’, ‘உடைமை’ என்னும் இரு சொற்கள் புணர்கையில், நெடிற்றொடர்க் குற்றியலுகரத்தின் டகர ஒற்று இரட்டித்து ‘நாட்டுடைமை’ என்றாகும். ‘உடைமை’ இன்று பொருட்செல்வத்தையே பெரிதும் சுட்டினும், அன்புடைமை, அறிவுடைமை, பண்புடைமை எனத் திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளில் ஒரு குணத்தைப் பெற்றிருக்கும் தன்மையையே அது குறிக்கிறது.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது உரிமை அரசின் கைக்கு மாறியது. தமிழ்நாட்டின் நூலுலகிலோ இச்சொல் வேறொரு சிறந்த பொருளைப் பெற்றுள்ளது. அதாவது, எழுத்தாளரின் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை எனப்படும் தொகையை வழங்கும் அரசு, அவ்வெழுத்தாளரின் படைப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாது, அனுமதியும் கட்டணமுமின்றி எவரும் அச்சிடவும் மின்னூலாக்கவும் விட்டுவிடுகிறது. 1949-இல் பாரதியார் படைப்புகளின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு பெற்றதே இவ்வழக்கிற்கு முன்னோடியாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின்னரே நூல் பொதுவுக்கு வரும். நாட்டுடைமை அக்காத்திருப்பை நீக்குகிறது. இத்தகைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று கட்டணமின்றிப் படிக்கலாம். நாட்டுடைமையைச் சிலர் ‘அரசுடைமை’ என்றும் எழுதுவர். உரிமை மக்களனைவரையும் சேர்வதால் ‘நாட்டுடைமை’ என்பதே பொருத்தமான வழக்கு.