பல் மருத்துவரின் மயக்க மருந்தும் தணிக்கையாளரின் கத்தரிக்கோலும்

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மகத்தான படைப்புகளின் வழியாகவே அதனை எழுதிச் செல்வர். ஆனால், தணிக்கைச் சட்டங்கள் மாறிய வரலாற்றை ஆராயப் புகுந்தால், பெருமையுடன் பேசத் தயங்கும் படங்களையும் நாம் சந்திக்க வேண்டியிருக்கும். அவற்றுள் ஒன்று 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான ‘தி இம்மோரல் மிஸ்டர் டீஸ்’.

கதை என்று பெரிதாக எதுவுமில்லை. பல் மருத்துவர்களுக்கான பொருட்களைச் சைக்கிளில் கொண்டுசென்று விநியோகிக்கும் டீஸ் என்ற கூச்ச சுபாவமுள்ள மனிதர், ஒருநாள் பல் பிடுங்கிக் கொள்கிறார். அப்போது ஏற்றப்பட்ட மயக்க மருந்தின் விளைவாக, அவர் காணும் பெண்களெல்லாம் ஆடையின்றித் தோன்றுகின்றனர். அஞ்சிப்போனவர் இறுதியில் மனநல மருத்துவரிடம் செல்கிறார். ஆயினும் குணமடைவதில் அவருக்கு அத்தனை ஆர்வமில்லை என்பதுடன் படம் முடிகிறது.

இதனை இயக்கியவர் ரஸ் மேயர். 1922இல் கலிபோர்னியாவில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் ஒளிப்பதிவாளராக ஐரோப்பியப் போர்முனைகளில் பணியாற்றியவர். போருக்குப் பின்னர் தொழில் நிறுவனங்களுக்கான விளக்கப் படங்களை எடுத்தார். ‘பிளேபோய்’ சஞ்சிகைக்கும் புகைப்படங்கள் எடுத்தார். டீஸாக நடித்த பில் டீஸ், மேயரின் இராணுவத் தோழர். தயாரிப்பில் கைகொடுத்தவர் கேளிக்கை அரங்கு நடத்திய பீட் டிசென்சி. ஏறத்தாழ 24,000 டொலர் செலவில், நான்கே நாட்களில் படப்பிடிப்பு நிறைவுற்றது. உரையாடலைப் பதிவு செய்யவில்லை. விளக்கப் படங்களில் வருவது போன்ற ஒரு பின்னணிக் குரலே படம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறது. சிக்கனத்துக்காகச் செய்தது நகைச்சுவையாகவும் அமைந்துவிட்டது.

இத்தகைய படம் அந்த ஆண்டில் எவ்வாறு சாத்தியமானது? அதற்கான விடை நீதிமன்றங்களில் இருக்கிறது.

திரைப்படம் வெறும் வணிகமே, அதற்குப் பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்புக் கிடையாது என 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1952இல், இத்தாலிய இயக்குநர் ரொசெலினியின் ‘தி மிரக்கிள்’ தொடர்பான வழக்கில் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. நிர்வாணவாதிகளின் முகாம் ஒன்றைக் காட்டிய ‘கார்டன் ஒஃப் ஈடன்’ பற்றிய வழக்கில், ஆடையின்மை மாத்திரமே ஆபாசமாகிவிடாது என 1957இல் நியூயோர்க் மாநிலத்தின் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே, 1948ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பு பெரிய ஸ்டூடியோக்களைத் திரையரங்கு உரிமையிலிருந்து பிரித்துவிட்டது. தொலைக்காட்சியால் பார்வையாளரை இழந்திருந்த சிறு அரங்குகள், 1934 முதல் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹொலிவூட் ஒழுக்கக் கோவையின் முத்திரை இல்லாத படங்களையும் திரையிடத் துணிந்தன.

மேயருக்கு முன் வந்தோர், சுகாதாரம், இயற்கை வாழ்வு போன்ற போதனைகளைச் சாட்டாகக் கொண்டே இவ்வகைக் காட்சிகளைக் காட்டினர். மேயர் அந்தப் பாசாங்கைத் தூக்கியெறிந்தார். சிரிக்க வைப்பதே நோக்கம் என்றார். சான் டியேகோ நகரில் முதன்முதலாகத் திரையிட்டபோது பொலிஸார் காட்சியை இடைநடுவில் நிறுத்தினர். ஆயினும் பின்னர் சியாட்டில் நகரில் பல மாதங்கள் ஓடிய இப்படம், மொத்தத்தில் பத்து இலட்சம் டொலருக்கும் அதிகமாக ஈட்டியது. உடனே ஏராளமான போலிப் படங்கள் முளைத்தன. பிற்காலத்தில் ‘கோட்ஃபாதர்’ படத்தை இயக்கிய பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவும் தமது இளமையில், 1962இல், இவ்வகைப் படமொன்றை எடுத்தவரே. 1968இல் ஒழுக்கக் கோவை கைவிடப்பட்டு, வயதுக்கேற்ற தரப்படுத்தல் முறை அறிமுகமானது. அம்மாற்றத்துக்கு மேயர் மாத்திரமே காரணரல்லர். ஆனால் அந்தச் சுவரைத் தட்டிய கைகளில் அவருடையதும் ஒன்று.

இலங்கையில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் பத்திரிகைத் தணிக்கை நடைமுறையிலிருந்த நாட்களில், தணிக்கைக்குச் சென்ற பக்கங்கள் திரும்பும்வரை நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தவன் நான். வெட்டப்பட்ட வரிகள் எவருடைய ஒழுக்கத்தையும் கெடுக்கக்கூடியவையல்ல. பெரும்பாலும் ஓர் ஊரின் பெயர், ஓர் எண்ணிக்கை, அவ்வளவே. அந்த அனுபவம் எனக்குக் கற்பித்தது ஒன்றுண்டு. கத்தரிக்கோலை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், அது எதனை வெட்ட வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. ஆகவே, மேயரின் படத்தைத் திரையிடும் உரிமையை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால், உரிமையை ஆதரிப்பது வேறு, படைப்பைப் புகழ்வது வேறு. அந்தப் படம் முழுவதும் நாம் காண்பது டீஸின் கண்களால் மாத்திரமே. பார்க்கப்பட்ட பெண்கள் என்ன நினைத்தனர் என்ற கேள்வி அங்கு எழவேயில்லை. பேச்சுச் சுதந்திரத்தின் எல்லையை விரிவாக்கியதாகக் கூறப்படும் படத்தில், அப்பெண்களுக்குப் பேச ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் மேயர் காலமானார். தணிக்கையாளரின் மௌனத்தை உடைத்தவர் என்று அவரை நினைவுகூர்வோர், அவருடைய கமரா விட்டுச்சென்ற அந்த மற்றைய மௌனத்தையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.