ஐந்து வெற்றுக் கட்டங்கள்

ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போகுமுன், அது பிழையின்றி இயங்கும் என்று எதை நம்பிச் சொல்வது? 1990களின் நடுப்பகுதி வரை இதற்குப் பெரும்பாலும் கிடைத்த பதில், எத்தனை கோடி முறை ஓட்டிப் பார்த்தோம் என்ற கணக்குதான். வடிவமைப்பைக் கணித வழியில் நிரூபிக்கும் முறைகள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் 1994இல் இன்டெல் பென்டியத்தில் வெளிப்பட்ட வகுத்தல் பிழைதான் அந்த முறைகளின் அவசியத்தைத் தொழில்துறைக்கு உணர்த்தியது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிவந்தபோது விடைகள் முரண்படுவதைக் கண்டார். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, பழுது சிப்பில்தான் என்று அக்டோபர் இறுதியில் பிறருக்குத் தெரிவித்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்து, வந்த ஈவை அதே எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் 0 வரவேண்டும். அந்தப் பென்டியத்தில் 256 வந்தது. வகுத்தலை விரைவாக்க, ஈவின் அடுத்த இலக்கத்தை ஒவ்வொரு படியிலும் சிப்புக்குள் பதித்த அட்டவணையிலிருந்து எடுக்கும் முறையை இன்டெல் கையாண்டிருந்தது. அதில் 2 இருக்கவேண்டிய ஐந்து கட்டங்களில் 0 இருந்தது. வகுக்கும் எண்ணின் இரும வடிவில் குறிப்பிட்ட ஆறு இடங்களிலும் தொடர்ந்து 1 இருந்தால்தான் கணக்கு அந்தக் கட்டங்களை எட்டவே முடியும். அதனால் அவை சோதனைகளின் கண்ணில் படவில்லை.

தற்போக்கான 900 கோடி வகுத்தல்களில் ஒன்றில்தான் பிழை வரும், சாதாரணப் பயனர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறையே அதைச் சந்திப்பார் என்று இன்டெல் வாதிட்டது. ஆனால் மனிதர்கள் கணக்கிடும் எண்கள் தற்போக்கானவை அல்ல. ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்பவர் அதே பிழையில் மறுபடி மறுபடி விழுவார், விழுந்ததை அறியவும் மாட்டார். டிசம்பரில் இன்டெல் இறங்கிவந்து, கேட்டவர்க்கெல்லாம் சிப்பை மாற்றித்தர ஒப்புக்கொண்டது. செலவு 47.5 கோடி டாலர்.

அப்படியானால் இன்னும் அதிகமாகச் சோதித்திருக்கலாமே என்று கேட்கலாம். இரட்டைத் துல்லிய எண்களின் பின்னப் பகுதிகளை மட்டும் ஜோடி சேர்த்தாலே 2க்குப் பின் 31 பூஜ்யங்கள் கொண்ட எண்ணிக்கை வரும். நொடிக்கு 100 கோடி ஜோடி பார்த்தாலும் 6 கோடி கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிற்காலத்தில் பென்டியம் 4க்காக ஆயிரக்கணக்கான கணினிகளில் சிப்பின் மென்பொருள் மாதிரியை இயக்கி 20,000 கோடிக்கு மேற்பட்ட சுழற்சிகளை ஓட்டினார்கள். உண்மையான 1 கிகாஹெர்ட்ஸ் சிப் அவற்றை நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

எல்லா எண்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் நிரூபணமே இதற்கு வழி. 1995இல் ஏஎம்டியின் கே5 சிப்பின் வகுத்தல் முறை சரியானது என்பதை மூர், லிஞ்ச், காஃப்மன் மூவரும் ஏசிஎல்2 என்ற மென்பொருளின் துணையுடன் நிறுவினார்கள். பின்னர் கோர் ஐ7இன் கணக்கீட்டுப் பகுதிக்கு இன்டெலே நிரூபணத்தை முதன்மைச் சரிபார்ப்பாக்கியது.

நிரூபணமும் ஏமாற்றும் என்பார்கள். 2018இல் வெளியான, சிப்களில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். விடை சரியா என்று கேட்டார்கள், அதை எட்டும் நேரம் ரகசியத்தைக் கசியவிடுமா என்று கேட்கவில்லை. ஆக, நிரூபணத்தின் எல்லை நாம் கேட்கும் கேள்வியின் எல்லை. ஆனால் அந்த எல்லை எழுத்தில் இருக்கிறது, யாரும் படித்துக் குறை சொல்லலாம். ஓட்டிப் பார்த்த எண்ணிக்கையோ எது விடுபட்டது என்பதைச் சொல்வதே இல்லை. எதைச் சரிபார்க்கவில்லை என்று சொல்லத் தெரிந்த முறையையே நம்பத் தகுந்தது என்பேன்.