கை எட்டும் உயரம்

திருப்பூரில் எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடம் ஐந்தடிக்கு நாலடி. வாஷிங் மெஷினை வைத்தபின் ஓர் ஆள் நிற்க மட்டும் இடமிருக்கும். சோப்புத்தூள் டப்பா, நீலம், கிளிப் கூடை, துவைத்தும் மடிக்காத துணி எல்லாம் மெஷினின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அத்தனையையும் கீழே இறக்க வேண்டும். ஓர் அடுக்கு போட்டுவிடலாமென்று தச்சரை அழைத்தேன். அவர் டேப்பை நீட்டி மடக்கிவிட்டுச் சொன்னார்: "மேல லாஃப்ட் மாதிரி அடிச்சர்லாங்க, எடம் மிச்சமாகும். சார் வந்தாருன்னா ஒருக்கா கேட்டுக்குங்க."

சாருக்கு அந்த மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது. அதை விட்டுவிடலாம். ஆனால் "எடம் மிச்சமாகும்" என்ற சொல் என்னை விடவில்லை. ஏழடி உயரத்தில் கிடைக்கும் இடம் யாருக்கு மிச்சம்? என் உயரம் ஐந்தடி ஒன்று.

எங்கள் கொங்கு வீடுகளில் அட்டாளி உண்டு. அமுச்சி வீட்டு அட்டாளியில் பித்தளை அண்டாக்களும் கல்யாணப் பாத்திரங்களும் இருந்தன. அமுச்சியின் சேலைகள் கொடியில் தொங்கின. துவைக்கும் கல் பொடக்காலியில் கிடந்தது. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்தபோதும் அட்டாளி போகவில்லை, லாஃப்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாசற்கால் முடியும் லிண்டல் மட்டத்தில் கொத்தனார் அதைப் போடுவார், ஏறத்தாழ ஏழடி. கதவுக்கு வைத்த கணக்கு அது. அதிலிருந்து பொருளை எடுக்கிறவளின் கையை யாரும் அளக்கவில்லை. நாற்காலி மேல் முக்காலி வைத்து ஏறி இடுப்பைப் பிடித்துக்கொண்ட பெண்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

துவைக்கும் வேலைக்குத் தமிழில் வரலாறு இல்லாமல் இல்லை. புறநானூற்றில் ஔவையாரின் 311ஆம் பாட்டிலும், குறுந்தொகை 330இலும், நற்றிணை 90இலும் புலைத்தி வருகிறாள். களர் நிலத்துக் கூவலில் துவைக்கிறாள், கஞ்சிப் பசை போடுகிறாள், குளத்து நீரில் அலசுகிறாள். அவள் வெளுத்த ஆடையின் வெண்மை பாட்டில் நிற்கிறது, அவள் பெயர் இல்லை. வகுப்பில் இந்தப் பாடல்களை உவமைக்காக நடத்திவிட்டுப் போவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

வீட்டு வேலை நடக்கும் இடத்தை ஒரு பெண் அளந்த கதை ஜெர்மனியில் இருக்கிறது. 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி, பிராங்பர்ட் நகரின் புதிய தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் போகிறது என்ற கணக்கிலிருந்து அதன் அடுக்குகள் பிறந்தன. அரிசி, மாவு போன்றவற்றுக்குத் தனித்தனி இழுப்பறை. துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடங்கிக்கொள்ளும். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பெண்ணின் நேரம் மிச்சமாக வேண்டும் என்பது அவர் நோக்கம். பின்னால் வந்த பெண்ணியர்கள் அதிலும் ஒரு குறை கண்டார்கள்: அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும், அந்த ஒருவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இரு பக்கமும் நியாயமாகவே படுகிறது. ஆனாலும் அளவெடுத்தாரே என்ற மரியாதை எனக்கு அதிகம்.

தச்சரை அனுப்பிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். மூடிய பனியன் கம்பெனிகளின் ஆங்கிள் ரேக்குகள் அங்கே குவிந்து கிடக்கும். வரிசையாகத் துளை போட்ட இரும்புப் பட்டைகள். வெல்டிங் வேண்டாம், நட்டு போல்ட்டு போதும், வேண்டாதபோது கழற்றி வேறு அளவில் பூட்டலாம். ஆஸ்திரேலியாவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்திய டிமெட்ரியஸ் கொமினோ, 1947இல் டெக்ஸியன் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அச்சகத்தில் அலமாரிகளை மாற்றி மாற்றிச் செய்து அலுத்துப்போன மனிதர். அவருடைய யோசனையின் வாரிசுகள் இன்று திருப்பூரில் துணி ரோல்களையும் கட்டிங் பீஸ்களையும் சுமக்கின்றன.

இங்கே பனியன் தொழில் வேர்விட்டு நூறாண்டு நெருங்குகிறது. வெகுகாலம் அது ஆண்கள் வேலை செய்யும் இடம். 1980களில் ஏற்றுமதி பெருகியபோதுதான் பெண்கள் திரளாக உள்ளே வந்தார்கள், பெரும்பாலும் கைமடி, பிசிர் வெட்டுதல், செக்கிங், பேக்கிங் என்று. வெளியூர்களிலிருந்து வந்த குடும்பங்களுக்காக லைன் வீடுகள் எழுந்தன. ஓர் அறை, ஒட்டினாற்போல ஓர் அடுப்படி, வரிசைக்கெல்லாம் பொதுவாகக் குளியலறை, பொதுவாகத் துவைக்கும் கல். அருகில் ஓடும் நொய்யல் சாயநீரால் துவைக்க ஆகாத ஆறாகியிருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும்.

என் மாணவி ஒருத்தியின் வீடு அப்படி ஒரு லைன் வீடு. அவள் அம்மாவுக்குச் செக்கிங்கில் வேலை, பல நாள் ஒன்றரை ஷிப்ட். போன அன்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனி ரேக்குல எந்த லாட் எங்க இருக்குதுன்னு கண்ண மூடிட்டு எடுத்துக் குடுப்பனுங்க டீச்சர். ஊட்டுல ஒரு ஜாக்கெட்டத் தேடறதுக்கு அரை மணி நேரமாகுது."

அறையின் குறுக்கே ஒரு கயிறு, அதில் நான்கு பேரின் துணி. மாணவிதான் பிறகு, கல்லூரியில், தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னாள். பொதுக் கல்லில் பகலில் துவைக்க முடியாத துணி ஒன்று உண்டு. பனியன் வேஸ்டில் கிழித்தெடுத்த துணி. இருட்டில் அலசி, பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு, காய்ந்ததோ இல்லையோ காலையில் சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் செருக வேண்டும். வெயிலை அந்தத் துணி பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் ஈரத்தோடே கட்டிக்கொண்டு அரிப்பும் புண்ணுமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பேன்.

என் அடுக்கை நானே அளந்தேன். கையைத் தூக்கினால் விரல் ஆறேகால் அடியைத் தொடும். ஆனால் கனமான டப்பாவைப் பிடித்து இறக்க ஐந்தே முக்கால் அடிக்கு மேல் ஆகாது. அதுதான் மேல்தட்டு. மெஷினின் மூடி முழுக்கத் திறக்க நாலரை அடி வேண்டும். அது கீழ்த்தட்டு. ஆழம் ஓரடி போதும், அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பது மறந்துபோகும். பிளைவுட் ஈரத்தில் ஊதும் என்பதால் தகரத் தட்டு, துருவுக்கு இரண்டு கை பெயிண்ட். மெஷின் சுற்றும்போது ஆடாமலிருக்கக் குறுக்குப் பட்டை. ஜன்னலோரம் வெயில் விழும் பக்கத்தில் ஒரு கம்பி, உள்ளாடைக்கும் அந்தத் துணிக்கும். மேலே எதையும் போர்த்துவதில்லை. மகனும் அதே கம்பியில்தான் தன் பனியனைக் காயப்போடுகிறான்.

கொஞ்சம் பட்டைகள் மீந்தன. மாணவியின் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார், ஆங்கிள் ரேக்குக்கு ஆணி தேவையில்லை. இரண்டடிக்கு ஓரடியில், நான்கு தட்டோடு நாங்கள் மூவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டினோம். ஸ்பேனர் பிடித்தது அவள் அம்மா, எங்கள் இருவரையும்விட வேகம். கதவோரம், காலை வெயில் வரும் மூலையில் நிறுத்தினோம். மாணவி ஒரு தட்டைக் காட்டி, "இது எனக்கும் அம்மாவுக்கும்" என்றாள்.

போன மாதம் போயிருந்தேன். அந்தத் தட்டு அப்படியே இருந்தது. மேல்தட்டில் மட்டும் அவள் அப்பாவின் ஹெல்மெட்டும் இரண்டு பழைய செல்போன் சார்ஜரும் ஏறியிருந்தன.